குட்டி கிளாஸில் குடித்துவிட்டுப் பில்ஸ்னருக்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

ப்ரூவரிகளில் மரப்பலகையில் குழி வெட்டி நாலு குட்டி கிளாஸ் அடுக்கித் தருவார்கள். ஃப்ளைட் என்று பெயர். கிளாஸுக்கு 120, மிஞ்சினால் 150 மில்லி இருக்கும். கசப்பும் மணமும் தூக்கலான ஒரு மங்கலான ஐபிஏ, ஒரு புளிப்பு பீர், கறுத்த ஸ்டவுட் ஒன்று, ஓரத்தில் பாவமாகப் பொன்னிறத்தில் ஒரு பில்ஸ்னர், சுருக்கமாகப் பில்ஸ். நம் ஆட்கள் நாலையும் மாற்றி மாற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, அன்டாப்ட் செயலியைத் திறந்து ஸ்டவுட்டுக்கு நாலரை நட்சத்திரம் போடுவார்கள், பில்ஸ்னருக்கு மூன்று. கூடவே "தண்ணி மாதிரி இருக்கு" என்று ஒரு வரி.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. பில்ஸ்னரின் தரம் முதல் வாயில் தெரியாது, அரை கிளாஸ் தாண்டிய பிறகுதான் தெரியும். ஆகவே முழு கிளாஸாக, தனியாக, முதல் ஆளாக அதைக் குடிக்க வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம். (மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பது எனக்கும் தெரியும். இரண்டு கிளாஸைத் தாண்டாதவன் நான்.)

நான் இருப்பது பிலடெல்பியாவுக்கு மேற்கே, எக்ஸ்டன் பக்கம். ஐடி வேலைக்கு வந்த தமிழர்கள் நிறைந்த ஊர். லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர், பில்ஸ்னரும் அதில் ஒரு வகை) விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய உரிமை உண்டு. 1840-ல் ஜான் வாக்னர் என்பவர் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த ஈஸ்டை வைத்து பிலடெல்பியாவில் காய்ச்சியதுதான் அமெரிக்காவின் முதல் லாகர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகைகூட இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து ஊரான டவுனிங்டவுனில் 1996-ல் தொடங்கியது விக்டரி ப்ரூவரி. பெப்பரிட்ஜ் ஃபார்ம் கம்பெனியின் பழைய ரொட்டித் தொழிற்சாலையில் ஆரம்பித்தார்கள். ரான் பார்ஷே, பில் கோவலெஸ்கி என்ற இரண்டு நிறுவனர்களும் பள்ளிக்கூடப் பேருந்தில் பழகிய நண்பர்கள், இருவரும் ஜெர்மனிக்குப் போய்த் தொழில் படித்தவர்கள். அவர்களுடைய ப்ரைமா பில்ஸை வைத்தே பேசுகிறேன். ஜெர்மன் பாணி பில்ஸ்னரை அமெரிக்கக் கைவினை ஆலை ஒன்று ஒழுங்காகச் செய்ததற்கு நான் காட்டும் முதல் சாட்சி அது.

ஜெர்மன் பாணி என்று ஏன் தனியாகச் சொல்கிறோம்? பில்ஸ்னர் பிறந்தது ஜெர்மனியில் இல்லை, இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவின் பில்சன் நகரத்தில். 1838-ல் கெட்டுப்போன பீரை ஊர்க்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டினார்கள். பிறகு பொது ஆலை ஒன்று கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்ற ஆளை வரவழைத்தார்கள். 1842-ல் அவர் காய்ச்சிய பொன்னிற பீர்தான் இன்று உலகம் முழுக்க ஓடும் வெளிர் லாகர்களுக்கெல்லாம் பாட்டன். பில்சன் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு, அதனால் அங்கே கசப்பு உருண்டையாக, பின்னால் கொஞ்சம் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்போடு வரும். ஜெர்மனிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டு போய் இனிப்பை உலர்த்திவிட்டார்கள். நிறம் இன்னும் வெளிறியது, உடம்பு மெலிந்தது, கசப்பு நேராக நின்றது. வடக்கே போகப் போக இது கூடும். ஃப்ரீஸ்லாந்தின் யேவர் பீர் இதற்குப் பேர்போனது. தெற்கே ஷ்வார்ட்ஸ்வால்டின் ரோட்ஹவுஸ் கொஞ்சம் மென்மையானது, அது மாநில அரசுக்குச் சொந்தமான ஆலை. அரசாங்கம் பீர் விற்பது நமக்குப் புதிதில்லை, அரசாங்கமே நல்ல பீர் காய்ச்சுவதுதான் புதிது.

எண்ணாகவும் சொல்லிவிடுகிறேன். பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தும் பிஜேசிபி அமைப்பின் வழிகாட்டியில் ஜெர்மன் பில்ஸுக்கு ஆல்கஹால் 4.4 முதல் 5.2 சதவீதம், கசப்பு 22 முதல் 40 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு). ப்ரைமாவின் ஆல்கஹால் 5.3. அந்தப் புள்ளி ஒன்றுக்காக யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. 2008 வழிகாட்டியின் எடுத்துக்காட்டுப் பட்டியலிலேயே அது இருந்தது.

சரி, எப்படிக் குடிப்பது? முதலில் கேனின் அடியிலோ பாட்டிலின் மேலோ தேதியைப் பாருங்கள். பழைய பில்ஸ்னரை வாங்குவது வீண். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை முதலில் போகும், அப்புறம் தேன் மாதிரி ஓர் இனிப்பு ஏறும், கடைசியில் நனைந்த அட்டை வாசம். பச்சை பாட்டிலும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கெட்ட நாற்றம் வரும், பச்சைக் கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. பலர் அந்த நாற்றத்தையே வெளிநாட்டு பீரின் மணம் என்று ரசித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லிப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

கிளாஸை ஃப்ரீஸரில் வைக்காதீர்கள். ஊரில் டாஸ்மாக் பீரைப் பல் கூசும் அளவுக்குக் குளிர்த்திக் கேட்பதில் நியாயம் உண்டு, அங்கே ருசி தெரியாமல் இருப்பதே நல்லது. இங்கே 7, 8 டிகிரி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள். கிளாஸைச் சாய்த்து வழியவிடாமல் நேராக நிறுத்தி ஊற்றுங்கள். நுரை விளிம்பு வரை எழும். நிறுத்துங்கள், அடங்கட்டும், மறுபடி ஊற்றுங்கள். நல்ல பில்ஸ் ஊற்ற 7 நிமிடம் ஆகும் என்று ஜெர்மனியில் ஒரு பழைய பேச்சு உண்டு. 7 நிமிடம் ஆனால் பீர் செத்துவிடும், மூன்றில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுவதில் விஷயம் இருக்கிறது. அதிகப்படி வாயு வெளியேறும், நுரை இறுகும், நாக்கில் குத்தல் குறைந்து மால்ட் தெரியும். டென்வரின் பியர்ஸ்டாட் லாகர்ஹவுஸ் தன் பீருக்கே 'ஸ்லோ போர் பில்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது.

இப்போது ப்ரைமா. நிறம் வெளிர் வைக்கோல். நுரை வெள்ளை வெளேர் என்று இரண்டு விரல் உயரம், குடித்து இறங்க இறங்க கிளாஸ் ஓரத்தில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே வரும். மூக்கை வைத்தால் முதலில் ஒரு கணம் மெல்லிய கந்தக வாசம் வரலாம். பயப்பட வேண்டாம், லாகர் ஈஸ்ட் விட்டுப்போன அடையாளம், சிறிதளவு இருந்தால் குற்றமில்லை, ஓடிவிடும். அதற்குப் பின்னால் எலுமிச்சைத் தோல், வெட்டிய புல், ஏதோ ஒரு மூலிகைச் செடி. இவர்கள் ஹாப்ஸை அரைத்து உருட்டிய வில்லைகளாகப் போடாமல் முழுப் பூவாகப் போடுகிறார்கள், ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் விளைந்தவை. வாயில் முதலில் வருவது உப்பில்லாத பிஸ்கட் போன்ற மால்ட், அரை நொடிதான். உடனே கசப்பு எழுந்து நாக்கின் பின்பக்கம் போய் உட்கார்கிறது. விழுங்கிய பிறகு வாய் காய்ந்துவிடுகிறது. காய்ந்த வாய் அடுத்த மிடறைக் கேட்கிறது. வேப்பம்பூ ரசம் பிடித்தவர்களுக்கு இந்தக் கசப்பை விளக்க வேண்டியதில்லை, கசக்கிறது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வோமே, அதுதான்.

இந்த அடுத்த மிடறுதான் விஷயமே. 120 மில்லியில் அது நடக்க இடமில்லை. அதுவும் ஐபிஏவும் ஸ்டவுட்டும் குடித்த நாக்குக்குப் பில்ஸ் கொண்டுபோனால் அது சோடாதான். என் கோயம்புத்தூர்க்கார நண்பர் ஒருவர் ஃப்ளைட்டில் கடைசியாக அதைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, இதுல என்னங்க இருக்குது? இதுக்கா இவ்வளவு பேசறீங்க?" என்றார். அடுத்த வாரம் வேறொன்றும் குடிக்காமல் முழு கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன். பேச்சு வாக்கில் காலி செய்துவிட்டு, "முடிஞ்சிருச்சுங்களா?" என்று கிளாஸைப் பார்த்தார். நான் எதிர்பார்க்கும் விமர்சனம் அதுதான்.

அரை கிளாஸுக்கு மேல் இன்னொன்றும் நடக்கும். பீர் சூடேறும். 12 டிகிரிக்குப் போனால் ஒளிந்திருந்த குறைகள் வெளியே வரும். பில்ஸ்னர் மால்ட்டை மிக லேசாகத்தான் வறுப்பார்கள். அதில் தங்கிவிடும் ஒரு பொருள் கொதிக்கும்போது டிஎம்எஸ் என்ற சேர்மமாக மாறி ஆவியாகிப் போக வேண்டும். அதற்காகத்தான் 90 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுவார்கள். சோம்பல்பட்டால் வேகவைத்த மக்காச்சோள வாசம். நொதிக்கும்போது ஈஸ்ட்டால் டையசிட்டைல் உருவாகும், அது வெண்ணெய் போட்ட பாப்கார்ன் வாசம். ஈஸ்ட்டுக்கு அவகாசம் கொடுத்து, முடிகிற நேரத்தில் தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கினால் அதுவே அதைத் தின்றுவிடும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். இங்கே ஒரு டேப்ரூமில் 'ஜெர்மன் பில்ஸ்' என்று வாங்கினேன், பாதிக்கு மேல் வெண்ணெய். கவுண்டரில் இருந்த தம்பியிடம் சொன்னால், அது மால்ட்டின் குணம் என்று எனக்கே பாடம் எடுத்தான். ஃப்ளைட்டில் சில்லென்று இரண்டு மிடறு குடித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

போட்டி நடுவர்களும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பவில்லை. பிஜேசிபி மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. எல்லா வகை பீருக்கும் இதே பங்கீடு. பில்ஸ்னருக்கு இது பொருந்தவில்லை என்பேன். நுரை நிற்பதும் தெளிவும் பில்ஸில் பாதித் தொழில், அதற்கு 3. அந்தக் கடைசி மிடறின் உலர்வுக்குத் தனி இடமே இல்லை. சிறிய பிளாஸ்டிக் கோப்பையில், வரிசையாக வரும் பில்ஸ்களில் எது மூக்கில் உரக்கப் பேசுகிறதோ அது மேலே போகும். அதனால்தான் குளிர்ந்த தொட்டியில் ஹாப்ஸை ஊறப்போடும் முறை பில்ஸுக்குள் நுழைந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு வரலாறு. இத்தாலியில் 1996-ல் டிபோபில்ஸ் என்ற பீர் அதைத் தொடங்கி வைத்தது, அதைப் பார்த்து கலிஃபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் 'பிவோ' செய்தார்கள். ஆனால் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலில் ஜெர்மன் பில்ஸ் பிரிவில் 2013, 14, 15 என்று மூன்று வருடம் தொடர்ந்து தங்கம் வாங்கியது பிவோதான். அருமையான பீர், மறுப்பில்லை. என்னைக் கேட்டால் அது வாங்கிய பதக்கம் சரி, வாங்கிய பிரிவு தவறு. யேவர் குடித்து வளர்ந்தவன் அந்தப் பூ வாசத்தை மோந்துவிட்டு, யாரோ வாசனைத் திரவியம் தெளித்துவிட்டார்கள் என்பான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபிஏ இரண்டு மூன்று வாரத்தில் தொட்டியை விட்டு இறங்கிவிடும். பில்ஸ் 10 டிகிரி சுற்றி மெதுவாக நொதித்து, பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அவ்வளவு நாள் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தாலும், 'லைட்டான பீர்' என்பதால் ஐபிஏவைவிட ஒரு டாலர் குறைத்துத்தான் எழுதுகிறார்கள். குடிக்கிற எனக்கு லாபம், புகார் இல்லை.

ப்ரைமாவுக்கு என் மதிப்பெண் 50-க்கு 42. மணத்தில் 10. ஹாப்ஸ் பிரமாதம், ஆனால் மால்ட்டை ஓரத்தில் தள்ளிவிடுகிறது, ஜெர்மனியில் இன்னும் கொஞ்சம் ரொட்டி வாசம் வரும். தோற்றம் 3, முழுசு. சுவையில் 17. கசப்பு எனக்குச் சரி, வழக்கமான ஜெர்மன் பில்ஸைவிட ஒரு படி முரட்டுத்தனம் என்பதால் மூன்று போனது. வாயுணர்வு 4, கேனிலிருந்து வேகமாக ஊற்றினால் வாயு குத்துகிறது. ஒட்டுமொத்தம் 8. மென்மையாக வேண்டுவோர் பீனிக்ஸ்வில் பக்கத்து ஸ்லை ஃபாக்ஸின் பைக்லாண்ட் பில்ஸை முதலில் எடுக்கலாம், எனக்கும் சில நாள் அதுவே பிடிக்கிறது. எதை எடுத்தாலும் அன்றைய முதல் பீராக, முழு கிளாஸாக.