வண்டி ஓட்டியதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்டவர்களுக்கு

நேற்றிலிருந்து மனசு ஆறவில்லை. எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லார் டைம்லைனிலும் ஓடியதுதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா, புதுசாக வாங்கிய லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். அதைப் பகிர்ந்து, "ஊரே வண்டி ஓட்டுது, இதுல என்ன பெருமை?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு, பார்த்தேன்.

ஊரே ஓட்டுகிறது, சரி. அந்த அக்கா இத்தனை வருஷமாக ஓட்டவில்லையே. யாராவது கொண்டுபோய் விட்டால்தான் வெளியே போக முடியும் என்று இருந்தவர் இன்று தானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அது அவருக்குப் பெருமை. உங்களுக்குப் பெருமையாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு.

அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருவன். அம்மா வற்றிய கண்மாயில்தான் பழகினார். அத்தை கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ஆனால் அதன் பிறகு நெல் அரைக்க மில்லுக்குப் போக அம்மா யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, அம்மாச்சி வீட்டுக்கு, எல்லாம் அவரே. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "அந்தக் காலத்துலேயே நான் ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டுனவ" என்று சொல்லிவிட்டுத்தான் காபி கொடுப்பார். இது பெருமை இல்லை என்றால் வேறு எது பெருமை?

"பெருமையை வீட்டுக்குள்ள வச்சுக்க வேண்டியதுதானே, எதுக்குப் போட்டோ?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். புதுக் காருக்கு மாலை போட்டு, ஷோரூமில் சாவி வாங்கும் படத்தைப் போடுகிறவர்களிடம் இதைக் கேட்டீர்களா? அங்கே போய் வாழ்த்துதானே சொன்னீர்கள்? "எல்லாத்தையும் கொண்டாடினா நிஜமான சாதனைக்கு மதிப்பு போயிடும்" என்கிறார் இன்னொருவர். அவருக்குப் பதில் சொல்லவே எனக்கு விருப்பமில்லை.

யோசித்துப் பார்த்தால் இது வண்டி பற்றிய பேச்சே இல்லை. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் கொடுத்தபோதும் கிண்டல் செய்தார்கள். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றதும் "ஓசி டிக்கெட்" என்றார்கள். எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகிற ஒரு சித்தி, அந்தச் சொல்லைக் காதில் கேட்டுவிட்டு, காசு கொடுத்து மினி பஸ்ஸில் போனார். கையில் இருந்ததே அன்றைய கூலிதான். ஒரு பெண் தன்பாட்டுக்கு ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்தால் உங்களுக்கு ஏன் இவ்வளவு எரிகிறது?

"சும்மா காமெடிக்குப் போட்டது, சீரியஸா எடுக்காதீங்க" என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தவர்களும் காமெடிக்குத்தான் சிரித்தார்கள். அதற்காகவே அம்மா வெகுநாள் கடைத்தெரு வழியாகப் போகாமல் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போனார். பாரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். அப்படி ஒரு கமெண்ட் வந்தால், அது யாராக இருந்தாலும், பிளாக் செய்வேன்.