ஸ்பிரிங்கை வெட்டினவனோட என்னையும் ஒரே கயித்தில கட்டாதேங்கோ

அந்த மதகு வீடியோவைப் பற்றி ஒண்டும் எழுதக்கூடாது எண்டுதான் இருந்தனான். எல்லாரும் பாத்திட்டியள், பாக்காதாக்களுக்கும் இந்நேரம் யாராவது வட்ஸப்பில தள்ளியிருப்பினம். பதிச்ச வான் ஒண்டு, அதாவது ஸ்பிரிங்கைக் கட்டையாக்கி நிலத்துக்குக் கிட்ட இறக்கின வான், மதகில வயிறு தட்டி நிண்டது, உள்ளுக்கு இருந்த சனம் இறங்கித் தள்ளினது, பின்னால வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிச்சுக் கொண்டு நிண்டது, எல்லாம் சரி, நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பன். ஆனா அதுக்குக் கீழ ஒரு மகான், நானும் பதிச்சு வைச்சிருக்கிற என்ர வானிட படத்தை என்ர பேஸ்புக் பக்கத்திலயே எடுத்துக் கொண்டுபோய் ஒட்டி "உவரும் இந்தக் கூட்டம்தான்" எண்டு எழுத, அதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆக்களே, என்ர வானில ஹயர் வந்திட்டு காசைப் பிறகு தாறன் தம்பி எண்டு போன ஆக்களே சிரிப்பு ஸ்மைலி போட்டிருக்கினம். இதுக்குப் பிறகும் வாயை மூடிக் கொண்டிருக்க நான் ஒண்டும் முறிகண்டிப் பிள்ளையார் இல்லை.

முதல் விசயம். வீடியோவில நிக்கிறது ஸ்பிரிங் வெட்டின வான். வடிவா நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ, மதகுக்கு முன்னுக்கு இருக்கிற சின்னக் கிடங்கில விழுந்து எழும்பேக்க பின்பக்கம் மூண்டு நாலு தரம் துள்ளுது. ஒரு தரம் அமந்து எழும்பி நிக்கோணும், அதுதான் ஷொக்கின்ர, ஸ்பிரிங் துள்ளுறதை அடக்கிற ஷொக் அப்சோபரின்ர, வேலை. அது துள்ளுதெண்டா ஷொக் ஸ்பிரிங்கைப் பிடிக்கேல்ல எண்டு அர்த்தம். நாம்பன் மாட்டை நாணயக்கயிறு இல்லாம வண்டில்ல பூட்டினா எப்பிடி இருக்கும், அப்பிடித்தான் ஷொக்கை மாத்தாம ஸ்பிரிங்கை மாத்திறது. இதை நான் இந்தப் பக்கத்தில எத்தினையோ தரம் எழுதிப்போட்டன். ஸ்பிரிங்கும் ஷொக்கும் சோடி. சோடியாப் போடுறவன் வேற, கிரைண்டரால ரெண்டு சுத்து அறுத்து எறியிறவன் வேற.

அறுக்கிறதாவது பரவாயில்லை எண்டு சொல்ல வைக்கிறாங்கள் சில பேர். காஸ் கட்டரால ஸ்பிரிங்கைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி அது தானா அமர விடுறாங்கள். ஸ்பிரிங் கம்பி எண்டது பதம் போட்ட உருக்கு. அதைச் சிவக்கக் காய்ச்சினா அந்தப் பதம் போச்சு. இண்டைக்கு ரெண்டு இஞ்சி அமரும், அடுத்த மாசம் இன்னும் அமரும், ஒரு நாளைக்கு ஆக்களோட போகேக்க டக்கெண்டு முறியும். உதைச் செய்யிறவனைப் பொலிஸ் பிடிச்சா நானும் வந்து சாட்சி சொல்லுறன்.

இனி என்ர வானுக்கு வருவம், ஏனெண்டா படம் போட்ட மகான் ஒருக்காலும் அதுக்குக் கீழ குனிஞ்சு பாத்திருக்கமாட்டார். சுசுக்கி எவ்ரி வான். ஜப்பான் சட்டப்படி இந்தச் சின்ன வகை வாகனம் 660 சிசிக்கு மேல போகேலாது, அகலம் 1.48 மீற்றருக்குள்ள நிக்கோணும், ஆனா உயரம் 2 மீற்றர் வரைக்கும் போகலாம். அகலம் குறைவு, உயரம் கூட. கொழும்பு ட்ரபிக்குக்க ஊர்ந்து போறவனுக்கு அது ஒண்டும் தெரியாது. நீங்கள் சோளகக் காத்து அடிக்கிற நேரம் ஆனையிறவால ஓடிப் பாருங்கோ, இல்லாட்டி பூநகரியால சங்குப்பிட்டிப் பாலத்தில ஏறிப் பாருங்கோ. ரெண்டு பக்கமும் வெட்டைத் தண்ணி, மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை, காத்து நேரா வானின்ர விலாவில அடிக்கும். அதுக்குள்ள எதிரில ஒரு கொண்டைனர் வந்து கடந்தா ஸ்டியறிங் கையில நிக்காது. பின்சீற்றில இருக்கிற வயசு போன மனிசி "தம்பி மெதுவா" எண்டு கம்பியைப் பிடிக்கும். நான் பதிச்சது அதுக்கு. ஒண்டேகால் இஞ்சி. வீடியோவில நிக்கிற வான் நாலு இஞ்சிக்குக் கிட்டப் பதிஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்டாம்!

செய்த விதத்தையும் சொல்லுறன், நீளம் எண்டா தாண்டிப் போங்கோ. நெல் மில்லில லொறி நிறுக்கிற தராசில முன்சில்லை மட்டும் ஏத்தி ஒருக்கா, பின்சில்லை மட்டும் ஏத்தி ஒருக்கா நிறுத்தனாங்கள். வெறும் வானா ஒருக்கா, பின்னுக்கு ஆக்களை இருத்தி ஒருக்கா. மில்லுக்கார அண்ணை எங்களைப் பாத்த பார்வை இருக்கே, நெல்லுக்குப் பதிலா பெடியளை நிறுக்க வந்திருக்கிறாங்கள் எண்டு. அந்தக் கணக்கையும் பழைய ஸ்பிரிங்கையும் கொழும்புக்குக் குடுத்தனுப்பித்தான் புது ஸ்பிரிங்கை ஓடருக்குச் சுத்தினது. கம்பியின்ர தடிப்பு ஏன் முக்கியம் எண்டா, மற்ற அளவெல்லாம் அப்பிடியே இருக்க 11 மில்லிக் கம்பியை 12 மில்லி ஆக்கினா மட்டும் ஸ்பிரிங் கிட்டத்தட்ட 40 வீதம் இறுகும். ஒரு மில்லிதான்! சுத்தின சுத்து குறைஞ்சாலும் இறுகும், அதாலதான் வெட்டின ஸ்பிரிங் பதிஞ்சும் போகும், இடிச்சும் இடிக்கும். ஸ்பிரிங் அந்தளவு இறுகினா அதை அடக்க ஷொக்கும் ஒரு 18 வீதமாவது கூடப் பிடிக்கோணும். கம்பனி ஷொக் கம்பனி ஸ்பிரிங்குக்குச் செய்தது, அதிட்ட இதைக் கேக்கேலாது. அதுமட்டுமில்லை, வானைப் பதிச்ச உடன பழைய ஷொக்கின்ர தண்டு அந்தளவுக்கு முதலே உள்ளுக்குப் போய் நிக்கும், மிச்சம் ஓட இடம் இல்லை, ஒரு கிடங்கில விழுந்தா பம்ப் ஸ்ரொப்பர் றப்பரில போய் இடிக்கும். அதால கட்டையான, பிடி கூடின ஷொக் நாலும் அந்த ஸ்பிரிங்குக்கு எண்டே எடுத்தது. விலை கேட்டு ரெண்டு நாள் வீட்டில கதை இல்லை.

பூட்டினது கிளிநொச்சியில எங்கட மெக்கானிக் அண்ணை. மனுசன் பூட்டிப் போட்டு வானை ஜக்கில தூக்கி, சில்லு நாலும் தொங்கேக்க ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால பிடிச்சுத் திருப்பிப் பாத்தார். திரும்பேல்ல. தொங்கேக்க ஸ்பிரிங் லூசா நிண்டா அது இருப்பிடத்தால விலகும், திரும்ப இறங்கேக்க கோணலா இருக்கும். பின் அச்சைப் பிடிக்கிற கம்பியளின்ர புஷ் (றப்பர் மூட்டு) போல்ட்டை இறுக்காம விட்டிட்டு, வானை நிலத்தில இறக்கி, ரெண்டு பேரை உள்ளுக்கு இருத்தி, பிறகு அடியில சாக்கை விரிச்சுப் படுத்துக்கிடந்து இறுக்கினார். ஏன் அண்ணை முதலே இறுக்கியிருக்கலாமே எண்டு கேட்டன். "தொங்கேக்க இறுக்கினா றப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும் தம்பி, கிழிஞ்சு போகும்" எண்டார். பிறகு சில்லு நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் ரேப் பிடிச்சு, சோக்கட்டியால கதவிலேயே அளவை எழுதிவைச்சார். புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓட இன்னும் துளி குந்தும், அதுக்குப் பிறகு வா எண்டு சொல்லித்தான் சில்லு அலைன்மென்ற்றுக்கு விட்டவர். லைட்டையும் திருப்பிச் சரிபாத்தது. இவ்வளவும் செய்த வேலைக்குப் பேர் "பெடியளின்ர விளையாட்டு".

இப்ப நீங்கள் கொமென்ட்டில எழுதினதுகளுக்கு வாறன்.

"வன்னிக் கிரவல் ரோட்டுக்கு ஏன் ராசா பதிச்ச வான்?" ஏ9 ரோட்டு காப்பெற், பரந்தனால புதுக்குடியிருப்புக்குப் போற ஏ35உம் எப்பிடி இருக்கெண்டு நீங்களே போய் வாறனீங்கள். என்ர ஓட்டத்தில முக்கால்வாசி அந்த ரோட்டுகளில. உள் ஒழுங்கையளுக்குள்ள மெதுவாப் போறன், எல்லாரும் போறமாதிரி. மாரிக்கு வெள்ளம் வந்தா எண்டுறியள். வெள்ளத்துக்க எவ்ரியைக் கொண்டுபோய் விடுறவன் பதிச்சாலும் தாழுவான், பதிக்காட்டியும் தாழுவான், அவனுக்கு ட்ரக்டர்தான் சரி.

"பொலிஸ் பிடிக்கும்." 2025 தை மாசம் அரசாங்கம் கிளீன் சிறிலங்கா எண்டு பஸ்ஸில ஓட்டோவில கொழுவின சோடினையெல்லாம் கழட்டச் சொன்ன நேரம் என்னையும் மறிச்சவை. குனிஞ்சு பாத்தினம், ரயர் எங்கயும் உரசுதோ எண்டு பாத்தினம், போ எண்டிச்சினம். அவ்வளவுதான், அந்தக் கதை முடிஞ்சுது.

"உன்னைப் பாத்து மற்றப் பெடியளும் கெட்டுப் போறாங்கள்." இதுக்குக் கொஞ்சம் நிண்டுதான் பதில் சொல்லோணும், ஏனெண்டா இதில கொஞ்சம் நியாயம் இருக்கு. ரொயோட்டா ஹையேஸ் வான் வைச்சிருக்கிற ஒரு தம்பி என்ர வானைப் பாத்திட்டு பின்னுக்கு அச்சுக்கும் தகட்டு ஸ்பிரிங்குக்கும் நடுவில கட்டை வைச்சுப் பதிச்சவர். அந்தப் பழைய ஹையேசுகளில பின் அச்சோட ஒரு கம்பியால தொடுத்த வால்வு ஒண்டு இருக்கு, வானில பாரம் ஏறிப் பொடி பதிஞ்சா பின் பிரேக்குக்குக் கூட எண்ணெய் விடுறது அதின்ர வேலை. வெறும் வானைப் பதிச்சா அந்த வால்வுக்கு என்ன தெரியும்? பாரம் ஏறிட்டுது எண்டு நினைச்சு பின் பிரேக்கை இறுக்கும். மழை ரோட்டில பின்சில்லு லொக் ஆகி வால் சுத்தும். அதைச் சொல்லிக் குடுத்து அந்தக் கம்பியைத் திரும்ப அளவு பாத்து வைப்பிச்சது ஆர்? நான்தான். பேஸ்புக்கில ஸ்மைலி போட்டவை ஒருத்தரும் வரேல்ல. பெடியள் கெட்டுப்போறது சரியான வேலையைப் பாத்து இல்லை, சரியான வேலை எது எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்காததால. ஸ்பிரிங்கும் ஷொக்கும் சோடி எண்டு சொன்னா "ஓ பெரிய இஞ்சினியர் வந்திட்டார்" எண்டுறியள், சொல்லாட்டி "பெடியளைக் கெடுக்கிறான்" எண்டுறியள்.

கடைசிக் கொமென்ட்தான் என்னைச் சுட்டது. "வெளிநாட்டுக் காசு, வேற என்ன செய்வினம்." எழுதினவர் இருக்கிறதே வெளிநாட்டில. ஐயா, எனக்கு ஒருத்தரும் அனுப்பேல்ல. 2020 பங்குனியில நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 மாசியிலதான் திரும்பத் திறந்தது, திறந்தாப் பிறகும் அந்த விலைக்கு நான் புது வானுக்குப் போகேலுமே? இருக்கிற வானைத்தான் பாத்துப் பாத்து நல்லா வைச்சிருக்கோணும். அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கொண்டு போறதும் இதே வானில. முந்தி ஒவ்வொரு ஹம்ப்புக்கும் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு "ஐயோ" எண்டுறவ, இப்ப ஆனையிறவு தாண்டினதே தெரியாம நித்திரை கொள்ளுறா. பதிச்சா இடிக்கும் எண்டு எழுதினாக்கள் ஒருக்கா வந்து அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து பாருங்கோ. ஹயர் காசு வேண்டாம்.

எனக்கு விளங்காதது என்னெண்டா, கொழும்பில ஒருத்தன் வானைப் பதிச்சா "ஸ்ரைல்", கனடாவில இருக்கிற உங்கட மருமகன் காரைப் பதிச்சா லைக், கிளிநொச்சியில ஒருத்தன் தன்ர உழைப்பில செய்தா "எடுப்பு". சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில இந்த மண்ணில பெற்றோல் ஒரு துளியைக் காபரேட்டருக்க விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில ஓடினவை. அந்தப் புகைக்குள்ள நிண்டு வேலை பழகின மனுசன்தான் என்ர வானுக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுத்துக் கிடந்தவர். ஜப்பான்காரன் கூட நினைச்சுப் பாக்காத சாமானை வைச்சு இஞ்சினை உயிரோட வைச்சிருந்த கை அது. அவர் அளந்து பூட்டின வேலையையும் கிரைண்டரால அறுத்த வேலையையும் பக்கத்தில பக்கத்தில ஒட்டி ஒரு சிரிப்பு ஸ்மைலி. என்னைச் சொன்னதை விட்டிடுவன். அவரும் பேஸ்புக் பாக்கிறவர்.

சரி, வேலை கிடக்கு. இன்பொக்சில விபரம் கேக்கிறாக்கள் வானிட மொடல், வழமையா எத்தினை பேர் ஏறுறது, எந்த ரோட்டில கூட ஓடுறது எண்டு எழுதுங்கோ. "எவ்வளவு பதியும் ப்ரோ" எண்டு மட்டும் கேட்டா பதில் வராது. நேற்று ஒரு அண்ணை கேட்டிருக்கிறார், இப்ப ஸ்பிரிங்கை மட்டும் போட்டிட்டு ஷொக்கைப் பிறகு பாப்பமே எண்டு. இவ்வளவும் எழுதினாப் பிறகுமா அண்ணை? ரெண்டுக்கும் காசு சேருமட்டும் கம்பனி ஸ்பிரிங்கிலேயே ஓடுங்கோ. அதுக்கிடையில பின் ஷொக் ரெண்டையும் விரலால தடவிப் பாருங்கோ, எண்ணெய் பிசுபிசுத்தா முதல் அதை மாத்துங்கோ.