1954 தீர்ப்போடு முடிந்துவிடவில்லை

"1954 பிரவுன் வழக்கோடு அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை ஒழிந்தது, 1964 குடிமை உரிமைச் சட்டம் வெறும் சடங்கு" என்று ஒருவர் சொல்கிறார். இது தவறு.

அரசுப் பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது சரி. ஆனால் மறு ஆண்டு அமலாக்க உத்தரவிட்டபோது அதே நீதிமன்றம் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (மாவட்டம்), கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மனமில்லாமல் 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்கு அத்தனை வருடப் படிப்பும் போயே போனது. எவ்வளவு பெரிய கொடுமை!

1964 தொடக்கத்தில்கூட, 11 தென் மாநிலங்களில் வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

பிடியை இறுக்கியது 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் 6ஆம் பகுதி: பாகுபாடு காட்டினால் மத்திய அரசின் பணம் கிடையாது. 1965இல் பள்ளிகளுக்குப் பெரும் நிதி தரும் சட்டமும் வந்ததால், பணத்தை இழக்கப் பயந்தே பல பள்ளி மாவட்டங்கள் வழிக்கு வந்தன. அப்புறம், அதுவரை பெற்றோரே மிரட்டலுக்கு நடுவில் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1964 சட்டத்தின் 4ஆம் பகுதியால் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே வழக்குத் தொடரலாம் என்றானது. 1972 வாக்கில் அதே மாநிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பெரும்பான்மைப் பள்ளிகளில் படித்தார்கள்.