ஆற்றின் உடம்பை யார் அளப்பது?

கடந்த மே மாதம் கொள்ளிடக் கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் படித்துறைக்கு டேப் எடுத்துக்கொண்டு போனேன். சின்ன வயதில் எங்களுக்கு அதில் பதினொரு படிதான் தெரியும். மிச்சமெல்லாம் மணலுக்குள் கிடந்தன. இப்போது பதினெட்டுப் படியும் வெளியே நிற்கின்றன. கடைசிப் படியின் அடிக்கல்லுக்குக் கீழே மண்ணே இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. அங்கிருந்து ஆற்றுத் தரை வரை டேப்பைத் தொங்கவிட்டேன்: 1 மீட்டர் 40 சென்டிமீட்டர். அம்மா கையால் பறித்தாலே ஊற்று சுரந்த இடம் அது. இன்று வெடித்த களிமண்ணும் சீமைக் கருவேலமும்தான் இருக்கின்றன.

ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நமக்கு இரண்டு கணக்குதான் சொல்கிறார்கள். எத்தனை கன அடி வருகிறது, தண்ணீரில் பி.ஓ.டி. எவ்வளவு, அதாவது அதில் கலந்த கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போடுவதே பி.ஓ.டி.யை வைத்துத்தான், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் பட்டியலில் வரும். சாக்கடையையும் ஆலைக் கழிவையும் பிடிக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மணல் மொத்தமும் போய், கரை சரிந்து, படுகை ஆள் உயரத்துக்கு இறங்கிய ஆறுகூட இந்தச் சோதனையில் தேறிவிடும். கால் ஒடிந்து வந்தவனுக்கு ரத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போ என்பது போலத்தான் இது.

பிரிட்டனில் 1990-களிலிருந்து ‘ரிவர் ஹேபிடட் சர்வே’ என்று ஒன்று செய்கிறார்கள். ஆற்றோரம் 500 மீட்டர் நடக்க வேண்டும். 50 மீட்டருக்கு ஒரு இடம், மொத்தம் பத்து இடத்தில் நின்று எழுத வேண்டும். கரை மண்ணா, கல்லா, கான்கிரீட்டா? அடியில் மணலா, கூழாங்கல்லா, சேறா? நீர் சுழித்து ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? கரை மேல் மரமா, வயலா, வீடா? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நீரோட்டம், ஆற்றின் வடிவம், கரையோரத் தாவரம், நீரின் தரம், நீர்வாழ் உயிர் என்று ஐந்துக்கும் தலா பத்து மதிப்பெண் போட்டு, ஐம்பதுக்கு எவ்வளவு என்று பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1954-ல் உல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னது. ஆற்றுக்குள் நடந்துகொண்டே, கீழே பார்க்காமல் குனிந்து, விரல் முதலில் தொடும் கல்லை எடுத்து அளக்க வேண்டும். இப்படி நூறு கல். அதை வைத்தே அந்த இடத்தின் அடித்தரை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். மலையடிவாரத் தாமிரபரணிக்கு இது சரியாக வரும். கொள்ளிடத்துக்கு வராது, அது மணல் ஆறு. அங்கே வருஷா வருஷம் ஒரே இடத்தில் கரைக்குக் கரை லெவல் எடுத்து, அதாவது தரையின் உயரத்தை அளந்து, குறுக்குவெட்டுப் படம் போட்டு, முந்தைய வருஷப் படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் திருச்சிக்குப் பக்கத்தில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது ஞாபகம் இருக்கும். 1830-களில் கட்டிய அணை, வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். மணல் அள்ளியதில் படுகை இறங்கியதுதான் காரணம் என்றார்கள் சிலர். படுகை மட்டம் வருஷாவருஷம் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருந்தால் அதை எடுத்து வைத்துப் பேசியிருக்கலாம். அளக்கத் தெரியாதவர்களும் இல்லை நாம். மணல் குவாரி விசாரணைக்காக அமலாக்கத் துறை கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து அளக்கத்தான் செய்தது. விசாரணை வந்த பிறகுதான் அளவுகோலை எடுப்போம் என்றால் எப்படி?

நீர்வளத் துறை ஒவ்வொரு பாலத்தடியிலும், அணைக்குக் கீழேயும் மே மாதத்தில் படுகை மட்டத்தை எடுத்து அங்கேயே பலகையில் எழுதி வைக்கட்டும். அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் படித்துறையில் கடைசிப் படி எங்கே நிற்கிறது? கீழே எழுதுங்கள், படம் இருந்தால் போடுங்கள். நான் அடுத்த மே மாதமும் போவேன். அடிக்கல்லில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், அங்கிருந்தே அளக்க.