ரெண்டு நிமிஷம் வாயை மூட முடியாதா?

ஸ்காட்லாந்துக் கல்யாணத்தில் கெய்லி என்ற கூட்டு ஆட்டம் வேண்டும், இசைக்குழு வேண்டும், மைக்கில் அடி சொல்ல ஒரு காலர் வேண்டும். எல்லாம் காசு கொடுத்து வரவழைத்துவிட்டு, அவர் பாட்டில்லாமல் ஒருமுறை நடந்து பழகச் சொல்லும்போது மட்டும் விருந்தாளிகள் ஊர்க்கதை பேசுவார்கள். ரெண்டு நிமிஷ வேலைதான். அதுவரைக்கும் பொறுக்காதா?

டாஷிங் வைட் சார்ஜென்ட் என்ற ஆட்டத்தில் மூவருக்கு எதிரே மூவர். ஆறு பேரும் கைகோத்து இடப்பக்கம் 8 காலடி, வலப்பக்கம் 8 காலடி. அப்புறம் நடு ஆள் வலப்பக்கத்தவரோடு ஒரு சுற்று, இடப்பக்கத்தவரோடு ஒரு சுற்று. அடுத்து மூவரும் 8 என்ற எண்ணைப்போல் பின்னிப் பின்னி ஓடி, முன்னே போய்க் காலைத் தட்டி, பின்னே வந்து கையைத் தட்டி, எதிரணியைக் கடந்து அடுத்த மூவரிடம் போய்ச் சேர வேண்டும். மொத்தம் 32 பார் (ஒரு பார் என்பது இசையில் ரெண்டு காலடி நேரம்), அரை நிமிஷத்துக்குச் சற்று மேல். பின்னலில் ஒரே ஒரு மகானுபாவர் எதிரே வருபவரைத் தப்பான தோள் பக்கமாகக் கடந்தால் போதும். அவர்கள் கடப்பதற்குள் அடுத்த மூவர் வந்து முட்டுவார்கள், அவர்களுக்குப் பின்னால் வருபவர்களும் நிற்பார்கள், ஹாலைச் சுற்றி வட்டம் முழுக்க அடைத்துக்கொள்ளும். உடனே, "காலர் சரியில்லப்பா!"

காலர் என்ன செய்வார்? 8 பார் முடிய 2 பார் இருக்கும்போதே அடுத்ததைச் சொன்னால்தான் கால் தயாராகும். அந்த நாலு அடி நேரத்தில் பின்வரிசைச் சிரிப்பு வார்த்தையை விழுங்கிவிடும்.

வரிசையில் ஒவ்வொருவரோடும் சுற்றிக்கொண்டே இறங்கும் ஸ்ட்ரிப் த வில்லோ ஆட்டத்துக்கு விதியே ஒன்றுதான்: துணைக்கு வலக்கை, மற்ற எல்லோருக்கும் இடக்கை. இதையும் காதில் வாங்காமல் கோப்பையை வைத்துவிட்டு நேரே ஓடி வருகிறவர்கள்தான் ஆளைப் பிடித்து வீசுவது. முழங்கையை முழங்கையில் கோத்துச் சுற்றுங்கள் ஐயா! விரலைப் பிடித்து இழுத்தால் மணிக்கட்டு போகும், மோதிரம் கீறும். இதன் ஆர்க்னி தீவு வகையில் ஹால் நீளத்துக்கும் ரெண்டு வரிசை. முன்ஜோடி நாலைந்து பேரைத் தாண்டிய பிறகுதான் அடுத்த ஜோடி கிளம்ப வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒட்டியே கிளம்பினால் நடுவில் குவியல். ஆடி முடித்தவர்கள் கடைசியில் சேரச் சேர வரிசை கீழே இறங்கும். "மேலே நகருங்க, மேலே நகருங்க" என்று தொண்டை வறளக் கத்தினாலும் யாரும் அசையமாட்டார்கள். கடைசி ஜோடி கேக் மேசையில் இடித்துக்கொண்டு நிற்கும். அந்த மேசையை அங்கேயே விட்டுவைத்த மண்டப நிர்வாகிக்குத் தனியாக அர்ச்சனை செய்ய வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு, மாப்பிள்ளையின் சித்தப்பா தள்ளாடி வந்து எய்ட்சம் ரீல் கேட்பார். 464 பார், எட்டுப் பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் நின்று ஆடித் தீர்க்க வேண்டிய ஆட்டம். நடந்து பழக வேண்டாமாம், எல்லாருக்கும் தெரியுமாம்!