பணத்தை ஒன்றாக்குவதை எளிதாகச் சொல்லிவிட்டது கட்டுரை

அமெரிக்கப் பள்ளிகளில் மத்திய, மாநில, உள்ளூர் நிதியை 'ஒரே பானையில்' போடலாம் என்கிறது கட்டுரை. சரிதான், ஆனால் கணக்கு எழுதும் விதத்தை விட்டுவிட்டது. டைட்டில் ஒன் (ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளிகளுக்கான மத்திய நிதி) பெறும் பள்ளியில் ஏழை மாணவர்கள் 40 சதவீதமாவது இருந்தால் (குறைந்தால் மாநிலத்தின் விலக்கு வேண்டும்), தேவை மதிப்பீடு செய்து, திட்டம் எழுதி, பள்ளி முழுமைக்கும் செலவிடலாம்.

உதாரணமாக, மொத்தம் 10 லட்சம் டாலர்: மாநில, உள்ளூர் பணம் 8.5 லட்சம், டைட்டில் ஒன் 1 லட்சம், டைட்டில் டூ (ஆசிரியர் மேம்பாட்டுக்கான மத்திய நிதி) 50 ஆயிரம். 6 லட்சம் செலவானால் அதே விகிதத்தில் 5.1 லட்சம், 60 ஆயிரம், 30 ஆயிரம் என்று பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) பிரித்து எழுதினால் போதும். எந்த ஆசிரியருக்கு எந்த நிதியில் சம்பளம் என்று பள்ளி தேட வேண்டியதில்லை. எந்த நிதியின் வேலைக்கு எவ்வளவு நேரம் என்று ஊழியர்கள் எழுதும் நேரப் பதிவேட்டுத் தொல்லையும் பெருமளவு ஒழியும். இதுதான் உண்மையான லாபம். மத்தியப் பணத்தை மட்டும் கலந்தால் இதில் பாதிகூடக் கிடைக்காது.

சிறப்புக் கல்வி நிதிக்கு வரம்பு உண்டு: மாவட்டத்துக்கு ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு வரும் இந்த நிதியை, அந்தப் பள்ளியின் மாற்றுத்திறன் மாணவர் எண்ணிக்கையால் பெருக்கி வருவதற்கு மேல் சேர்க்கக் கூடாது. பணம் கலந்தாலும் அவர்களின் உரிமைகள் கலைவதில்லை. மதிய உணவுப் பணம் இதில் சேராது.

பெரும்பாலும் சறுக்குவது வேறிடத்தில்: ஒவ்வொரு நிதியின் நோக்கமும் எந்தச் செயலால் நிறைவேறுகிறது என்று திட்டத்தில் எழுதாமலே பணத்தைக் கலந்துவிடுகிறார்கள். தணிக்கையாளர் அந்தப் பக்கத்தைக் கேட்கக்கூடும்.