சட்டம் மட்டும் போதுமா?

தண்டனையைக் கடுமையாக்கினால் வல்லூறு என்ற பறவைகளை வேட்டையாடுவது நின்றுவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் அங்கே வலசை வந்த அமூர் வல்லூறுகளை மீன் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பிடித்து விற்றார்கள். அப்போதும் சட்டம் இருக்கத்தான் செய்தது! அடுத்த வருடமே வேட்டை நின்றதென்றால், நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்டி போன்ற ஊர்களின் கிராம சபைகளே தடை போட்டதால்தான், தேவாலயங்களிலும் இதைப் பற்றிப் பேசினார்கள். அந்த வருடம், போகும் வழியைக் கண்காணிக்கச் செயற்கைக்கோள் கருவி மாட்டிய மூன்று பறவைகளுக்கு நாகா, வோகா, பாங்டி என்று அந்த மக்களின், ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். தன் ஊர்ப் பேரைச் சுமந்துகொண்டு ஆப்பிரிக்கா வரை போகிற பறவையை யாருக்குத்தான் கறிவைக்க மனசு வரும்? சரி, வலையை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்று வருமானம்? கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.